சவரியண்ணனின் பாறைப் பொட்டலங்கள்

சவரியப்பன் அண்ணன் இறந்துபோன செய்தி, நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது வந்தது. நிலவியல் பாடத்தின் நடுவே கைப்பேசியைத் தொடக் கூடாது என்று மாணவர்களிடம் கத்துகிறவன் நான். அன்று எடுத்தேன். அவருடைய மகன் ஜெரால்டு, "சார், அப்பா காலைல தவறிட்டாக" என்றான். மேற்கொண்டு பாடம் நடத்த முடியவில்லை.

தேனி வட்டாரத்தில், ஆழ்துளைக் கிணறு போடும் அண்ணனின் ரிக் வண்டி போகாத ஊர் குறைவு. இதைப் படிக்கிற உங்களில் பலருடைய தோட்டத்தில் அவர் போட்ட போர் இன்றும் தண்ணீர் தரும். ஆனால் அனுமந்தன்பட்டியில் அவர் வீட்டு மாடியறையைப் பார்த்தவர்கள் சிலரே. போர் போடும்போது மேலே வரும் பாறைத்தூளில், ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு கைப்பிடி அள்ளிப் பொட்டலம் கட்டுவார். தோட்டக்காரர் பெயர், இடம், ஆழம் எழுதிய சீட்டு உள்ளே இருக்கும். சாம்பல், ரோஜா, பச்சை, கறுப்பு என்று பள்ளத்தாக்கின் அடிவயிறே அங்கே அடுக்கியிருந்தது. எதற்கு அண்ணே என்றேன். "அம்புட்டு ஆழத்துல இருந்து வந்தத மழையில கரைய விட மனசு வரல சார்" என்றார். பட்டங்கள் வாங்கிய எனக்கு அப்படி ஒரு பொட்டலம் கட்டத் தோன்றியதே இல்லை.

நான் அவரைத் தேடிப் போனது என் சுயநலத்துக்காக. செயற்கைக்கோள் படத்தில், ஜெயமங்கலத்துக்கு அப்பால், மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரு வட்டத்தைக் கண்டிருந்தேன். தாழ்ந்த கரட்டு மேடுகள் வளையமாக நிற்கின்றன. விண்கல் விழுந்த பள்ளம்தான் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். ஆனால் வட்டமாக இருப்பது மட்டும் சான்றாகாது. அடியிலிருந்து பாறைக்குழம்பு ஏறினாலும் வட்டம் வரும். மடிந்த பாறை தேய்ந்தாலும் வரும். விண்கல் என்று வாதாடவே, நடுவில் பாறை நொறுங்கியிருப்பதையாவது காட்ட வேண்டும். அதன் பிறகும் சோதனைகள் உண்டு. அண்ணனிடம் அந்த வட்டத்தின் நடுத்தோட்டப் பொட்டலங்கள் இருந்தன. பிரித்தால், நொறுங்கி மறுபடி இறுகிய சில்லுகள்! நான் குதித்தேன்.

அவர் ஒரு சில்லை வெளிச்சத்தில் பிடித்தபடி, "வானத்துல இருந்து நம்ம ஊர்ல வந்து விழுந்துச்சா சார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த வாரமே கொடைக்கானல் மலைப்பாதையின் ஒரு வளைவுக்கு என்னைக் கூட்டிப்போனார். கீழே, வெயிலில், முழு வளையமும் தெரிந்தது. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நானும் கழற்றினேன்.

கல்லூரியில் நான் பேச நாள் குறித்தோம். வெளியூர் ஆய்வாளர்கள் வருவதாக இருந்தது. அழைப்பிதழில் அவர் பெயரையும் அச்சிட்டேன். கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் பஸ் ஏறி வந்து என் வாசலில் நின்றார்.

"சார், அதப் பத்திப் பேசாதீக. அந்தப் பொட்டலம் நடுத்தோட்டத்துது இல்ல."

சீட்டுகளை முந்தின நாளே வீட்டில் எழுதிவைப்பது அவர் பழக்கம். போர் போடப் போன காலையில், நீரோட்டம் பார்ப்பவரின் உள்ளங்கையில் தேங்காய் வேறோர் இடத்தில் எழுந்து நின்றிருக்கிறது. தோட்டக்காரர் உடனே இடத்தை மாற்றிவிட்டார். மேட்டுக்கு அந்தப் பக்கம் அவருக்கிருந்த இன்னொரு நிலத்துக்கு, வட்டத்துக்கு வெளியே. சீட்டு மட்டும் மாறவில்லை. அழைப்பிதழைக் காட்டப் போன இடத்தில் தோட்டக்காரர் பேச்சுவாக்கில் சொல்ல, இவருக்கு நினைவு வந்துவிட்டது.

"இது யாருக்குண்ணே தெரியும்? உங்களுக்கும் எனக்கும்தானே?" என்று கேட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்டேன்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா சார்? அங்கன எடுக்காதத அங்கன எடுத்தேன்னு எப்படிச் சொல்றது?"

இருவரும் போய்ப் பார்த்தோம். போர்க்குழாய் மேட்டைத் தாண்டி இரண்டு வயல் தள்ளி நின்றது. பாறை பிளந்து நகர்ந்த இடங்களிலும் கல் அப்படி நொறுங்கும். அதற்கு விண்கல் தேவையில்லை. மறுநாள் கூட்டத்தில் அவரே எழுந்து மைக்கை வாங்கினார். "தப்பு என் சீட்டுல. சாரை ஒண்ணும் சொல்லாதீக." இரண்டே வாக்கியம்தான். அவரைவிடப் பெரிய ஆய்வாளரை நான் பார்த்ததில்லை.

அதோடு விடவில்லை. மாடியறைப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, மொபெட்டில் தோட்டம் தோட்டமாகப் போய் இடத்தைச் சரிபார்த்தார். கண்டுபிடிக்க முடியாதவற்றின் சீட்டில் 'இடம் உறுதியில்லை' என்று எழுதினார். போன மாதம்வரை அந்த வேலை நடந்தது.

அடக்கத்துக்குப் போனேன். பெட்டியை மூடுவதற்கு முன் ஜெரால்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். ஊரே சுற்றி நின்றது. "சார், அந்த வட்டம் எப்படி வந்துச்சு? கடைசி வரைக்கும் அதத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாக."

விண்கல் என்று சொல்லியிருந்தால் அந்த மகனின் மனம் நிறைந்திருக்கும். எனக்கும் இன்றுவரை அந்த ஆசை போகவில்லை. அண்ணனின் முகத்தைப் பார்த்தேன்.

"தெரியலப்பா," என்றேன். "இன்னும் தெரியல."

இத்தனை வருட ஆசிரியர் வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் என் வாயில் வராத சொல் அது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதைத்தான்.