பத்துத் தையல் மெஷின்களும் ஒரு அட்டைப் பச்சைப் பொட்டும்

கடல் கடந்து கடாரம் போன சோழர் படைக்கு அடுத்தபடியாக, அந்த மண்ணில் தமிழன் நடத்திய பெரிய படையெடுப்பு எது என்று கேட்டால், 1996 அக்டோபர் கடைசி வாரத்தில் நான் நடத்தியதுதான் என்று கூச்சமில்லாமல் சொல்வேன். சோழர்களிடம் யானை இருந்தது. என்னிடம் ஒரு நோட்டு, இரண்டு பென்சில், வயிற்றுக்கு ஒரு பாட்டில் ஓமத் திராவகம். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பணம் கொடுப்பார். இன்னொருவர் அதை வைத்து நாலு பேருக்கு நல்லது செய்வார். நல்லது உண்மையிலேயே நடந்ததா என்று மூன்றாவதாக ஒருவன் போய்ப் பார்த்து எழுதுவான். அந்த மூன்றாவது ஆள் நான். இதற்குக் கண்காணிப்பு, மதிப்பீடு என்று பெரிய பெயர். இதே வேலையாகக் கோலாலம்பூர் பக்கம் போகிற தம்பி தங்கைகள் சிலர் வழி கேட்டு எழுதியிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் பழைய நோட்டைத் தூசி தட்டியிருக்கிறேன். விலையும் நேரமும் அந்தக் காலத்தவை. இன்றைக்கு அவற்றை நம்பிப் பர்ஸைத் திறந்தால் நான் பொறுப்பில்லை.

வேலை இதுதான். பிரிக்பீல்ட்ஸில் இருந்த ஒரு சின்னப் பெண்கள் சங்கத்துக்கு வெளிநாட்டு உதவி அமைப்பு ஒன்று பத்துத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தது. இன்னும் இருபது பெண்கள் மெஷினுக்குக் காத்திருந்தார்கள். அந்த இருபதும், தையல் வகுப்பின் இரண்டு வருட வாடகையும், டீச்சரின் சம்பளமும் வர வேண்டுமானால் நான் பத்து மெஷினையும் என் இரு கண்களால் பார்த்து, ஓடுகிறதா என்று எழுத வேண்டும். ஒன்று குறைந்தாலும் எல்லாம் நின்றுவிடும். ஐந்து நாள் கொடுத்திருந்தார்கள். பத்து மெஷின் எண்ண ஐந்து நாளா, இரண்டு நாளில் முடித்துவிட்டு மூன்று நாள் சாப்பிடலாம் என்று திருச்சியில் கிளம்பும்போதே திட்டம் போட்டுவிட்டேன்.

மதராஸிலிருந்து சுபாங் விமான நிலையம் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கீழே. அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு டாக்சி, இருபத்தைந்து வெள்ளி. ரிங்கிட்டை அங்கே தமிழர்கள் வெள்ளி என்பார்கள். அப்போது ஒரு வெள்ளி நம் பதினான்கு ரூபாய். அறை ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து வெள்ளி. ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் மல்லிகைப்பூ வாசம், மறு பக்கம் மீன் குழம்பு. சொர்க்கத்தில் இந்த இரண்டையும் ஒரே ஜன்னலில் தருவார்களா என்பது சந்தேகம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வகுப்புக்குப் போனேன். பூக்கடைக்கு மேலே முதல் மாடி. ராசம்மா டீச்சர் வாசலிலேயே நின்றார். துணி ஆலையில் பதினெட்டு வருடம் சூப்பர்வைசராக இருந்தவர். கழுத்தில் அளவு டேப், காதில் குண்டூசி மாதிரி சின்னக் கம்மல். கூடத்தில் பத்து மெஷினுக்கு இடம் இருந்தது. மெஷின் இரண்டுதான் இருந்தது.

"மத்தது எங்கே டீச்சர்?"

"வீட்ல சார்."

"யார் வீட்டில்?"

"அவங்கவங்க வீட்லதான். கிள்ளான்ல நாலு, பூச்சோங்ல ரெண்டு, ஷா ஆலம்ல ஒன்னு, காஜாங்ல ஒன்னு."

"மெஷின் மையத்தை விட்டு நகரக் கூடாதுன்னு ஒப்பந்தத்திலே இருக்கே?"

"இருக்கு சார். ஆனா கைப்பிள்ளையத் தூக்கிட்டு, ரெண்டு பஸ் மாறி, இங்க வந்து தைச்சிட்டு, சமைக்கிற நேரத்துக்குத் திரும்பிப் போகணும்னா யாரால முடியும்? ஒப்பந்தமா பஸ் ஏறி வருது? அதான் மெஷினையே அனுப்பிட்டேன்."

சரி, எங்கிருந்தாலும் மெஷின் மெஷின்தானே என்று குனிந்து எண்ணைத் தேடினேன். கொடுத்தவர்கள் வெள்ளைப் பெயிண்டில் ஒன்றிலிருந்து பத்துவரை எழுதியிருந்ததாக என் தாளில் இருந்தது. கம்பெனித் தகடு கிடையாது. எல்லாம் பழைய மெஷினைப் புதுப்பித்து வாங்கியவை. எனக்கு அந்த வெள்ளை எண்தான் ஒரே ஆதாரம். மெஷினோ அமாவாசை இருட்டு போலப் பளபளவென்று கறுத்திருந்தது. மேலே சந்தனம், குங்குமம்.

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆயுத பூஜை சார். பூஜைக்கு நல்லா இருக்கணும்னு பத்துக்கும் பெயிண்ட் அடிச்சிட்டோம். வீட்டு கேட்டுக்கு அடிச்சது மிச்சம் இருந்துச்சு. ஒரே டின்தான், வீடு வீடா எடுத்துட்டுப் போனோம், பத்துக்கும் சரியா வந்துச்சு."

பத்துக்கும்! தின்னர் போட்டால் கறுப்போடு அடியிலிருக்கும் வெள்ளையும் போகும். காசால் சுரண்டலாமா என்று நான் கையை நீட்டியதும், தைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் "ஐயோ, பூஜை பண்ணது சார்!" என்று எழுந்துவிட்டார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு பழைய பயம் உண்டு. ஒரே மாட்டை ஐந்து கொட்டகையில் காட்டி ஐந்து மாடு என்று எழுத வைத்துவிடுவார்கள். எண் இல்லாத மெஷின் ஐந்து ஊரில் இருந்தால்? நான் பார்த்துவிட்டுத் தேநீர் குடிப்பதற்குள் ஒரே மெஷின் எனக்கு முன்னால் அடுத்த ஊர் போய்ச் சேர்ந்துவிட்டால்? டீச்சர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்து எழுத எனக்குச் சம்பளம் தரவில்லை.

அப்போதுதான் என் மூளை, உலகம் என்றும் மறக்க முடியாத ஒரு திட்டத்தைப் பெற்றெடுத்தது. கீழே இறங்கி ஒரு கடையில் ஐம்பது காசுக்கு ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கினேன். பன்னிரண்டு பொட்டு, பச்சை நிறம். பச்சையில் யார் பொட்டு வைக்கப்போகிறார்கள்? பார்க்கும் மெஷின் ஒவ்வொன்றுக்கும் பலகையின் அடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு பச்சைப் பொட்டு. முன்பே பொட்டு வைத்த மெஷின் வேறு ஊரில் எதிர்ப்பட்டால் பிடித்துவிடலாம். மேலே ஏறி, பேனா விழுந்ததாகப் பாவனை செய்து இரண்டு மெஷினுக்கும் ஒட்டினேன். வழக்கப்படி இரண்டிலும் என் கண்முன்னே ஒரு துண்டுத் துணி தைக்கச் சொல்லி, ஓரத்தில் பென்சிலால் ஊரும் மெஷின் இருக்கும் இடமும் எழுதி வாங்கிக்கொண்டேன். நான் எந்த ஊரிலும் மாதிரி வாங்காமல் வந்ததில்லை.

அன்றே பழைய ரயில் நிலையத்திலிருந்து கிள்ளானுக்குக் கொமுட்டர் என்ற புறநகர் ரயில். பத்தே முக்காலுக்கு ஏறினால் பன்னிரண்டுக்குள் இறங்கலாம். கட்டணம் மூன்று வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே. சில்லறை எழுதிய இடத்தில் காபி சிந்தியிருக்கிறது. வண்டிக்குள் குளிரூட்டி எப்படி என்றால், இமயமலையில் தவம் செய்ய விரும்புகிறவர்கள் இதிலேயே செய்யலாம். துண்டு எடுத்துப் போங்கள். கிள்ளானில் நாலு வீடும் நடக்கும் தூரம்தான். முதல் வீட்டு வாசலில் ஒரு வெள்ளை வேன் நின்றது. நாலு வீட்டிலும் தீபாவளி ரவிக்கை மலை மலையாகக் குவிந்திருந்தது. நாலு வீட்டிலும் டின் கெட்டிப்பால் ஊற்றிய தேநீர், நாலு வகை முறுக்கு. நாலு தடவை பேனா விழுந்தது. நான்காவது வீட்டில், "சாருக்குக் கை நடுக்கமா?" என்று பரிவாகக் கேட்டார்கள்.

மறுநாள் முழுவதற்கும் ஒரு டாக்சி பேசினேன். நூற்றிருபது வெள்ளி, டோல் தனி. ஓட்டியவர் முனுசாமி அண்ணன். ஏசி போட்டால் அவர் வண்டி மேடு ஏறாது, மேடு ஏறினால் ஏசி ஓடாது.

"எதைப் பாக்கணும் பாஸ்? பத்துமலையா, ஜூவா?"

"தையல் மெஷின்."

கண்ணாடியில் என்னை ஒரு கணம் பார்த்தார். "அதைப் பாக்கவா பிளேன் ஏறி வந்தீங்க? எங்க வீட்லயும் ஒன்னு இருக்கு. சும்மாவே காட்டுறேன்லா."

ஷா ஆலம் இருபத்தைந்து கிலோமீட்டர், ஒன்பது மணிக்குள் போய்விட்டோம். அடுக்குமாடி வீடு, சரசு என்ற பெண், ஏழாவது பொட்டு. அங்கிருந்து பூச்சோங் பதினேழு கிலோமீட்டர், நெரிசலில் ஒரு மணி நேரம். முதல் வீடு கமலாவுடையது. கமலா வீட்டு வாசலில் ஒரு வெள்ளை வேன் நின்றது. முந்தைய நாள் கிள்ளானில் பார்த்த அதே வேன்! மெஷின் இதில்தான் ஊர் மாறுகிறதா? அங்கே எட்டாவது, அடுத்த வீட்டில் ஒன்பதாவது பொட்டை ஒட்டினேன். அடியில் பொட்டு முன்பே இருக்கிறதா என்று தடவிப் பார்க்கக்கூட அந்த அவசரத்தில் தோன்றவில்லை.

காஜாங்குக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். செல்வி என்ற பெண்ணின் வீடு. பேனாவை விழவிட்டுக் குனிந்தேன். பலகையின் அடியில், என்னைப் பார்த்துச் சிரித்தபடி, ஒரு பச்சைப் பொட்டு.

எழுந்து உட்கார்ந்தபோது எனக்குள் இடி இடித்தது. சங்கம் போச்சு, இருபது பெண்களின் மெஷின் போச்சு, டீச்சரின் வகுப்பு போச்சு. "இந்தப் பொட்டு எப்படிம்மா இங்கே வந்தது?" என்று நீதிபதிக் குரலில் கேட்டேன்.

"நான்தான் அங்கிள் ஒட்டுனேன். தைக்கிறப்ப வேர்க்குது, பொட்டு நழுவிடுது. கழட்டி அங்க ஒட்டிட்டு, வெளிய போறப்ப எடுத்து வச்சுக்குவேன்." மெஷினைச் சாய்த்துக் காட்டினாள். சிவப்பு, மெரூன், நீலம், தங்க நிறம், பச்சை மூன்று. ஒரு கல்யாண மண்டபமே அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. "எல்லாரும் அப்படித்தான். சேலைக்கு மேட்சா பச்சையும் வைப்போம்ல."

வாசலில் நின்றிருந்த முனுசாமி அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பொட்டு வச்சா மெஷின் தேடுனீங்க பாஸ்?" வெள்ளை வேனைப் பற்றியும் கேட்டேன். பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடை வேனாம். வெட்டிய ரவிக்கைத் துணியை வீடு வீடாகக் கொண்டு வந்து போடுகிறதாம்.

ஆக, என் திட்டம் பாழ். பார்த்தது பத்தா, ஐந்தை இரண்டு தடவையா, சத்தியமாக எழுத முடியாது. எல்லா மெஷினையும் ஒரே இடத்தில் கொண்டு வரச் சொல்லலாமே என்றேன். செல்வியின் முகம் விழுந்துவிட்டது. "தீபாவளிக்குப் பதினஞ்சு நாள்தான் இருக்கு அங்கிள். ஒரு நாள் மெஷின் நின்னா எட்டு ரவிக்கை போச்சு." பிறகு என் பையிலிருந்த துணித் துண்டுகளைப் பார்த்தாள். "இதை டீச்சர்கிட்ட காட்டுங்க. எந்த மெஷின்ல தைச்சதுன்னு சொல்லிடுவாங்க. பத்தையும் பிரிச்சு மாட்டுனது அவங்கதானே?"

காஜாங் போய், குச்சியில் குத்திச் சுடும் கறியான சத்தே சாப்பிடாமல் வருவது சட்டவிரோதம் என்பதால், குச்சி நாற்பது காசு வீதம் பதினைந்து சாப்பிட்டேன். கவலையில் இருந்தேன், அதனால்தான் பதினைந்து. மாலை ஐந்தரைக்குப் பிரிக்பீல்ட்ஸ்.

துண்டுகளில் ஊரும் இடமும் எழுதிய ஓரத்தை மடித்துக் குத்தி, சீட்டுப் போலக் கலக்கி மேசையில் பரப்பினேன். விஷயத்தை டீச்சரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு துண்டை எடுத்துத் திருப்பி, நகத்தால் தையலை வருடினார்.

"இது காஜாங். இதுக்குக் கீழ்நூல் கொஞ்சம் இறுக்கம், எவ்வளவு சரி பண்ணாலும் கேக்காது."

ஓரத்தைப் பிரித்தேன். காஜாங்.

"இது கிள்ளான், அங்க நாலு பேர்ல மூத்தவ வீட்டு மெஷின். பத்துத் தையலுக்கு ஒன்னு தாவும்." சரி. "இது இங்க ஜன்னலோரம் இருக்கறது." சரி. இப்படி எட்டு. எட்டும் சரி. கடைசி இரண்டு துண்டை விளக்கடியில் பிடித்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். கீழே வைத்துவிட்டார்.

"இந்த ரெண்டும் தெரியல சார். ஒரே மாதிரி இருக்கு."

மிச்சம் ஷா ஆலமும் கமலா வீட்டு மெஷினும்தான். எதையாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தன் வகுப்பு, தன் சம்பளம், இருபது பெண்கள் எல்லாம் அந்த இரண்டு துண்டில் தொங்குவது அவருக்குத் தெரியும். "ஊகமாச் சொல்லுங்களேன்" என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன்.

"தெரியாததைத் தெரியும்னு எப்படி சார் சொல்றது?"

என் நோட்டில் அந்த வாக்கியத்துக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை மறுபடி முனுசாமி அண்ணன். இந்தத் தடவை எண்பது வெள்ளி, சிரித்ததற்குத் தள்ளுபடி. பூச்சோங் போய் கமலாவின் மெஷின் தலையைக் கழற்றினோம். பன்னிரண்டு கிலோ. டிக்கியில் வைத்தால் அடிபடும் என்று கமலா சொல்லிவிட்டதால், அது என் மடியில் ஏறியது. மெஷினைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கமலாவும், கூடவே ஒரு மூட்டை ரவிக்கையும் முன் சீட்டில். பதினேழு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். அண்ணன் ஒரு பள்ளத்தைக்கூட விடவில்லை. டோலில் இருந்த பெண் மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மீதிச் சில்லறையை மிகுந்த மரியாதையோடு கொடுத்தாள்.

பத்து இருபதுக்கு ஷா ஆலமில் சரசுவின் மெஷினுக்குப் பக்கத்தில் கமலாவின் மெஷினை வைத்தோம். பக்கத்துப் பக்கத்தில், ஒரே நேரத்தில், இரண்டு மெஷின். நான் நோட்டைத் திறந்து தேதி, இடம் எல்லாம் அலங்காரமாக எழுதத் தொடங்கினேன். அதற்குள் கமலா பக்கத்து வீட்டில் ஒரு பழைய மெஷின் பலகை வாங்கி, தலையைப் பொருத்தி, மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். "சும்மா நிக்கிறதுக்கு ரெண்டு தைக்கலாமே சார்." பதினொன்று ஐந்துக்கு நான் ஒரு பக்கம் எழுதி முடித்தேன். அவர்கள் இரண்டு ரவிக்கை முடித்தார்கள்.

அறிக்கையில் எதையும் ஒளிக்கவில்லை. ஒப்பந்தம் மீறப்பட்டது, எண்கள் அழிந்தன, மதிப்பீட்டாளர் பொட்டு ஒட்டினார், எல்லாம் உண்டு. முடிவில் எழுதியது இது: "மையத்தில் எட்டு இடங்கள் காலி. அதனால்தான் எட்டு மெஷின்களும் ஓடுகின்றன." துணித் துண்டுகளைப் பாதிப் பாதியாக வெட்டி ஒரு பாதியை இணைத்தேன். பொங்கலுக்கு முன்பே டீச்சரின் கடிதம் வந்தது. இருபது மெஷினும் வருகின்றனவாம். மையத்தை விட்டு நகரக் கூடாது என்ற வரியை எடுத்துவிட்டார்களாம். எண்ணை மட்டும் இரும்பிலேயே பொறிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். "அடுத்த பூஜைக்கு அந்த எண்ணுக்குள்ள வெள்ளை பெயிண்ட் ஊத்தி வைக்கிறோம் சார், திருச்சியிலேர்ந்தே படிக்கலாம்."

போகப்போகிறவர்களுக்குச் சில வார்த்தை. தீபாவளிக்கு முந்தைய மாதம் போனால் தையல் வேலை முழு வேகத்தில் தெரியும். ஆனால் யாரையும் அரை மணிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள், அவர்கள் நேரம்தான் நீங்கள் அளக்கப்போகும் பொருள். வீட்டுக்கு வீடு செருப்பைக் கழற்ற வேண்டும், கயிறு கட்டும் ஷூ வேண்டாம். தேநீரை மறுக்காதீர்கள், அரை டம்ளர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எதை எப்படிச் சரிபார்ப்பது என்று தெரியாமல் போனால், அந்த வேலையைக் கையால் செய்கிறவரிடம் கேளுங்கள். நான் அதை மூன்றாம் மெஷினிலேயே கேட்டிருந்தால் இரண்டாவது டாக்சி மிச்சம். முக்கியமாக, சட்டைப் பையில் பொட்டு அட்டையோடு வீடு திரும்பாதீர்கள்.

"பன்னிரண்டில் ஒன்பது பொட்டு எங்கே?" என்று என் மனைவி கேட்டார். தையல் மெஷினுக்கு வைத்தேன் என்ற உண்மையை, மனித வரலாற்றில் எந்தக் கணவனும் சொல்லாத உண்மையை, சொன்னேன். ஆதாரம் கேட்டார். என்னிடம் இருந்த பத்துப் பாதித் துணிகளையும் கட்டிலில் பரப்பினேன். நகத்தால் ஒவ்வொன்றாக வருடிக்கொண்டே வந்தவர் இரண்டைத் தனியே எடுத்து வைத்தார்.

"இது ரெண்டும் ஒரே மெஷின்ல தைச்சது."

"இல்லை," என்றேன். "ரெண்டு. என் மடிமேல் சத்தியமாக ரெண்டு."