மனதில் இருந்த கடப்பு

தேற்றாத்தீவிலிருந்து மூத்த மகன் காலையில் எட்டுப் படங்கள் அனுப்பியிருந்தான். எட்டும் இரட்டைப் பிள்ளைகளை வைத்துத் தள்ளும் வண்டில்கள். இரண்டு மாதத்துக்கு முன்னர்தான் அவனுக்கும் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். கீழே ஒரு வரி: 'அப்பா, எது நல்லம்?' என்னிடம் யாராவது ஆலோசனை கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாலம் கட்டப் போகும் இன்ஜினியர் மாதிரி ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். சில்லைப் பார்த்ததுமே ரப்பர் மணம் வந்துவிட்டது. போனில் மணம் வராது என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு வந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் வீடு மாறுவான். நானும் அப்படித்தான் பெரியகல்லாற்றிலிருந்து ஒரு சூட்கேசோடு நாவற்குடாவுக்கு வந்தேன். வீடு என் மனைவி றீற்றாவின் சீதனம். வேலியும் கடப்பும் அவளுடைய அப்பா போட்டவை. வளவுக்குள் நுழையும் படலை வாசலைத்தான் நாங்கள் கடப்பு என்போம். மாமா அதன் இரண்டு பக்கமும் முதிரைக் கட்டை நட்டிருந்தார். யானை முட்டினாலும் அசையாது என்று அவரே அடிக்கடி சொல்வார். அவர் இளைய மகளோடு ஒழுங்கையின் எதிர்ப்பக்கத்தில் இருந்தார். கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் அவர் கண்ணுக்கு நேரே எங்கள் கடப்பு.

எங்கள் இரட்டைப் பிள்ளைகளுக்கு, இந்த மூத்தவனுக்கும் இளையவனுக்கும், அப்போது ஆறு மாதமாகியிருந்தது. மாதத்தில் ஒரு நாள் அவர்களை நிறுக்கக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். ஒன்றை றீற்றா தூக்கினால் மற்றதைத் தூக்க ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடுவதுதான் அவளுக்குப் பெரிய பாடு. ஒரு கிளினிக் நாள் சேலை உடுத்து, பிள்ளைகளுக்கும் வெள்ளைச் சட்டை போட்டு, பத்து மணி வரை காத்திருந்துவிட்டு, எல்லாவற்றையும் கழற்றி மடித்து வைத்திருக்கிறாள். வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. அந்த ஆள் நான்தான். வேலை செய்த கந்தோரில் ஒரு சிநேகிதனோடு கிரிக்கெட் கதைத்துக்கொண்டிருந்ததில் நேரம் போய்விட்டது. அவள் சண்டை பிடிக்கவில்லை. நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்த டீச்சர், மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஒருத்தரையும் கெஞ்சாம ரெண்டு பேரையும் நானே வெளியில கொண்டு போகணும். அதுக்கு ஒரு வண்டில் வாங்கித் தாங்க. வேற ஒண்டும் வேணா."

அடுத்த சனிக்கிழமையே காத்தான்குடிக்குப் போனேன். சவூதியிலிருந்து வந்தவர்கள் விற்கக் கொடுத்த சாமான்களை வைத்திருந்த கடை. இரண்டு வண்டில்கள் இருந்தன. ஒன்றில் பிள்ளைகள் முன்னும் பின்னுமாக இருப்பார்கள். மற்றதில் பக்கத்தில் பக்கத்தில். கடைக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) நல்ல மனுசன்.

"தம்பி, முன்னுக்குப் பின்னால இரிக்கிறத எடுங்க. ஒடுக்கமான வாசலாலயும் போகும்."

பின்னுக்கு யாரை இருத்துவது? நான் சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் பின் கரியரில் போனவன். அண்ணன் முன் பாரில். அவன் உலகத்தைப் பார்த்தான், நான் அப்பாவின் சேட்டைப் பார்த்தேன். என் பிள்ளைகளில் ஒருவனுக்கு அந்தக் கதி வரக் கூடாதென்று கடைக்குள்ளேயே சபதம் எடுத்துவிட்டேன்.

"எங்கட கடப்பு பெரிசு காக்கா. மாட்டு வண்டிலே போகும்," என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

பக்கத்தில் பக்கத்தில் இருப்பதையே வாங்கி, வெறும் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழியில் இரண்டு வத்தகப்பழம் வாங்கி இரண்டு சீட்டிலும் வைத்து, பட்டியும் போட்டேன். பாரம் ஏற்றிச் சோதிக்கிறேனாம். தெருவில் பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் பெருமையாகச் சிரித்தேன்.

கடப்பில் வண்டில் நின்றது. பின்னுக்கு எடுத்து மறுபடி தள்ளினேன். கோணலாகத் தள்ளினேன். முதிரைக் கட்டை அசையவில்லை. வத்தகப்பழம் ஒன்று உருண்டு ஒழுங்கையோரத் தண்ணீர்க் கானுக்குள் போனது. எதிர்ப்பக்கம் மாமா கதிரையில் இருந்து முழுதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அளக்காமலா வாங்கினீங்க?" என்றாள் றீற்றா.

"மாட்டு வண்டில் போற கடப்புத்தானே..." என்று தொடங்கியவன் நிறுத்திவிட்டேன். எங்கள் ஒழுங்கைக்குள் மாட்டு வண்டில் எப்போது வந்தது?

அவள் முதிரைக் கட்டையில் கையை வைத்தாள். "அது கல்லாத்தில உங்கட அம்மாட கடப்பு. இது என்ட கடப்பு. நாலு வருசமா இதுக்குள்ளாலதானே வாறீங்க?"

நான்கு வருடம் அந்த வீட்டில் தின்று உறங்கியும், 'எங்கட கடப்பு' என்று வாய் சொன்னபோது மனதில் இருந்தது பெரியகல்லாறுதான். அவளுக்கு அது நொந்தது. எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வண்டிலை மடித்து வேலிக்கு மேலால் வெளியே இறக்குவோம். ஒருவர் பிள்ளையோடு ரோட்டில் நிற்க, மற்றவர் அடுத்த பிள்ளையைக் கொண்டுவருவார். ஆக மொத்தம் அப்போதும் இரண்டு பேர் வேண்டும். கட்டையைப் பிடுங்கலாம்தான். மாமா நட்ட கட்டையைப் பிடுங்கும் மருமகன் நாவற்குடாவில் இன்னும் பிறக்கவில்லை. 'நாளைக்குக் கேக்கிறன்' என்று இரண்டு கிழமை சொன்னேன்.

அடுத்த கிளினிக் நாள் காலை, 'டங் டங்' என்று சத்தம். றீற்றா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அலவாங்கால் கட்டையடியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். மாமா ஒழுங்கையைக் கடந்து வந்தார். நான் கிணற்றடிக்குப் போய், தேவையில்லாமல் ஒரு வாளி தண்ணீர் அள்ளினேன்.

"மற்றக் கட்டையையும் கழட்டு புள்ள," என்றார் மாமா. "ஒரு பக்கம் மட்டும் எடுத்தா வடிவில்ல." பிறகு கிணற்றடியைப் பார்த்து, "மருமகன், குளிச்சி முடிஞ்சா வந்து புடிக்கலாம்."

அன்று அவள் பிள்ளைகள் இருவரையும் வைத்துத் தனியே தள்ளிக்கொண்டு போனாள். ஒழுங்கை முடக்கு வரைக்கும் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் கை காட்டியது வீண்.

எட்டுப் படங்களையும் பார்த்து முடித்து மகனுக்குப் போன் எடுத்தேன்.

"ராசா, கடப்ப அளந்தியா?"

"அளக்கத் தேவல்லப்பா. ஆறடி இரிக்கும். எந்த வண்டிலும் போகும்."

தேற்றாத்தீவில் அவன் மனைவி வீட்டுக் கடப்புக்குள் நான் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழைவேன். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த றீற்றா போனைப் பறித்தாள்.

"டேய், அது என்ட கடப்பு. போய் உன்ட பொஞ்சாதிட கடப்ப அள."

பெரியகல்லாற்றில் இப்போது அந்தக் கடப்பு இல்லை. தங்கச்சி மதில் கட்டி இரும்புக் கேற் போட்டுவிட்டாள். வண்டிலையும் யாரோ கேட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். மாமாவும் போய்விட்டார். இளையவன் கலியாணம் முடித்துப் போயும் இரண்டு வருடம். பின்னேரம் யாரும் பார்க்காத நேரம் டேப்பை எடுத்து எங்கள் கடப்பை அளந்தேன். சரியாக ஆறடி. அதற்குள்ளால் போய்வர இப்போது நானும் றீற்றாவும்தான்.