அக்காவின் இரண்டு கைகள்

பதினோரு வருடம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு விடுப்பில் வந்திருந்த அத்தான், இனி திரும்பிப் போகாமலிருக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தோலை வெளுக்க வைக்கும் கிரீம். பூதலூர் வட்டாரம் முழுவதற்கும் அவரே ஏஜென்ட் ஆகப்போகிறார். 'உயிரணுக்களைக் காந்த சக்தியால் தட்டியெழுப்பும்' என்று டப்பாவில் அச்சிட்டிருந்தது. தஞ்சாவூரில் ஒரு நாளிதழில் பிழை திருத்தும் வேலை பார்த்த எனக்கு அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் தென்படவில்லை. ஒற்றுகூடச் சரியாக இருந்தது.

அக்காவுக்கு உறுத்தியது வாக்கியம் அல்ல, அதை நிரூபித்த விதம். கம்பெனிக்காரர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நாங்கள் மூவரும் போயிருந்தோம். வெளுப்பிலிருந்து கறுப்பு வரை பத்துக் கட்டங்கள் போட்ட அட்டையை, மேடையில் ஒரு பெண்ணின் கையருகே பிடித்து "ஏழு" என்றார் பிரதிநிதி. கிரீம் பூசினார். அரை மணி கழித்து, எல்லோருக்கும் தெரியட்டும் என்று அந்தப் பெண்ணை ஜன்னலோரம் அழைத்துப்போய் மறுபடி பிடித்தார். ஐந்து! அத்தான்தான் முதலில் கைதட்டினார்.

"மேடையில இருட்டு, ஜன்னல்ல வெயில்" என்றாள் அக்கா, திரும்பும்போது பஸ்ஸில். "வெயில்ல பாத்தா நெல்லு இலைகூட வெளுப்பாத்தான் தெரியும்."

அத்தான் இல்லாத வருடங்களில் வயலை அவள்தான் பார்த்துக்கொண்டாள். பயிருக்கு யூரியா தேவையா என்று அறிய, வேளாண் அலுவலர் கொடுத்த பச்சைக் கட்ட அட்டையை இலையோடு ஒப்பிடுவாள். அதற்கு விதிகள் உண்டு. நம் நிழல் இலைமேல் விழ வேண்டும். ஒரே ஆள், ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும்.

அதே விதிகளைக் கிரீமுக்கும் வைத்தாள். மூன்று வாரம் ஒரு முன்கையில் மட்டும் பூசினாள். எந்தக் கை என்று எங்களிடம் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்கு, கம்பெனி அத்தானுக்குக் கொடுத்திருந்த பத்துக் கட்ட அட்டையை இரண்டு கைகளோடும் நிழலில் நான் ஒப்பிட்டுப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும்.

"பலிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிறியாக்கா?"

"போடா. பலிச்சா இவரு வீட்டோட இருப்பாரு. எனக்கு ஆசை இல்லாம இருக்குமா?"

கடைசி ஞாயிறு அத்தானே அட்டையை வாங்கிக்கொண்டார். வலது கை. இடது கை. மறுபடியும் வலது. "ஆறு... இதுவும் ஆறுதான்." முற்றத்து வெயிலைப் பார்த்துவிட்டு, "சித்த வெயிலுக்கு வர்றியா?" என்றார். அக்கா சிரித்துவிட்டாள். அவரும்தான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வந்த பிரதிநிதியிடம் அத்தான் விஷயத்தைச் சொன்னார்.

"மூணு வாரம் பத்தாது சார். மூணு மாசம் பூசணும்."

"உங்க மேடையில அரை மணி நேரத்துல மாறிச்சேங்க?" என்று காபியை நீட்டினாள் அக்கா. அவர் காபியைக் குடித்துவிட்டு ஒப்பந்தத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் போனதும் அத்தானின் முகம் தொங்கிவிட்டது. "அப்ப டிக்கெட் போட வேண்டியதுதான்."

"யாரு போடச் சொன்னா? பக்கத்து வயல் ரெண்டு ஏக்கர் குத்தகைக்கு வருது. ஒத்த ஆளா என்னால பாக்க முடியாது."

"எனக்குப் பயிருக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாதேடி."

"தெரியாதுன்னு சொல்றீங்கல்ல. அந்தக் காந்தக்காரரு ஒரு தடவையாச்சும் சொன்னாரா?"

அந்தச் சம்பாப் பருவத்தில் களையெடுத்த முதல் நாள் அத்தான் பிடுங்கிப் போட்டதில் பாதி நெற்பயிர். களையெடுக்க வந்த பெண்கள் பொழுது சாயும் வரை சிரித்தார்கள். மறுநாள் அவர்களுக்கு முன்பாகவே அவர் வயலில் இறங்கியிருந்தார்.