வெய்யோவின் பன்னிரண்டு சார்ஜர்கள்

வெய்யோ ஹேமினென், வடக்கே குளிர்தேசத்துச் சிற்றூரான இஸல்மியில் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். அந்த ஊரில் லிஃப்டுகளே குறைவு, ஆகையால் மனிதருக்கு நேரம் ஏராளம். பழைய வேன் ஒன்றின் எஞ்சினைக் கழற்றிக் கடாசிவிட்டு, பன்னிரண்டு கார் பேட்டரிகளை வரிசையாகக் கோத்து, நூற்று நாற்பத்து நான்கு வோல்ட்டில் ஓடும் மின்சார வண்டியாக்கினார். ஓடும் என்று அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக அது நின்றுகொண்டே இருந்தது.

மனைவி தெல்லெர்வோவுக்குப் பொறுமை போய்விட்டது. ஏப்ரல் கடைசி ஞாயிறு அவள் அம்மாவுக்கு எண்பதாவது பிறந்தநாள். இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி வீடு. அந்த வாசல்வரை வேன் கொண்டுபோய் விட்டால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் மறுநாளே காயலான் கடைக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வெய்யோ தலையாட்டினார். ஆட்டாமல் என்ன செய்வது?

எப்படிச் சார்ஜ் ஏற்றுவது என்பதில் அவளுடைய அண்ணன் உர்போ மூக்கை நுழைத்தார். டாக்ஸி ஓட்டுகிறவர், அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது.

“பெரிய சார்ஜர் பெட்டி ஒண்ணு போதும் மாப்ளே. டிரான்ஸ்ஃபார்மர்கூட வேண்டாம். வீட்டுக் கரண்டை நேரா டையோடு வழியா உள்ள தள்ளு.”

“தள்ளலாம் மச்சான். அப்புறம் பேட்டரியைத் தொட்டவன் மேல போயிருவான். நீ வந்து தொட்டுக் காட்டுறியா?”

பேட்டரிகளோ பன்னிரண்டு வெவ்வேறு கார்களிலிருந்து வந்தவை. ஒரே பெட்டியில் ஏற்றினால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு மின்சாரம்தான் பாயும். சோம்பேறிப் பேட்டரி அரைவயிற்றில் கிடக்க, மற்றவை நிரம்பிக் கொதிக்கும். எனவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, டிரான்ஸ்ஃபார்மர் வைத்த குட்டிச் சார்ஜர் என்று முடிவு செய்தார். குளிர் அடிக்கிற அடியில் அந்த நாட்டில் கார் பேட்டரிக்குச் சார்ஜர் இல்லாத வீடே கிடையாது. வெய்யோ தன் அடுக்குமாடிக் குடியிருப்பில் படியேறிப் படியேறி இரவல் கேட்டார். மூன்றாம் மாடி ஆவ்னே அம்மாள் தன் முழங்கால் ஆபரேஷன் கதையை முழுக்கச் சொல்லி முடித்த பிறகே கொடுத்தாள். பன்னிரண்டாவதை உர்போவுக்குத் தெரியாமல் அவர் பெண்டாட்டியிடம் வாங்கினார். அந்தக் கள்ளத்தனத்தில்தான் மனிதருக்குப் பரம சந்தோஷம்.

சனிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டையும் வேனில் மாட்டி, வண்டி நிறுத்தும் இடத்து மின்கம்பத்தில் செருகினார். குளிர்காலக் காலைகளில் எஞ்சினைச் சூடாக்குவதற்கான கம்பம் அது. அதிலுள்ள கடிகாரத்தை முறுக்கினால் இரண்டு மணி நேரம் கரண்ட் தந்துவிட்டு நின்றுவிடும். இரண்டு மணிக்கொரு தரம் வந்து முறுக்கியிருக்க வேண்டும். ஆனால் இருபத்தைந்து குளிர்காலங்களாக முறுக்கிவிட்டு மறந்த கை, அன்றும் முறுக்கிவிட்டு மறந்தது. ஐயா சாவுனா என்கிற நீராவிக் குளியல் அறையில் சுகமாக வியர்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் மீட்டரைப் பார்த்தால் பேட்டரிகள் பாதிகூட நிரம்பவில்லை. அதை மறைத்துத் தெல்லெர்வோவை ஏற்றிக்கொண்டார். சார்ஜை மிச்சம் பிடிக்க வேனை மெல்ல உருட்டிக்கொண்டு போனார். ஒரு டிராக்டர் முந்திப் போனது.

“ஏன் இப்படி ஊர்ற?” என்றாள் தெல்லெர்வோ.

“ஏரி அழகா இருக்கு, பாரேன்.”

ஒவ்வொன்றும் தன் சார்ஜரில் தனியாக ஏறியிருந்ததால் எந்தப் பேட்டரியும் தனியாகக் காலை வாரவில்லை. பன்னிரண்டும் சேர்ந்தே சோர்ந்தன. அதனால்தான் அவ்வளவு தூரமாவது வந்தது. மாமியார் வீட்டுக்கு முந்தைய மேட்டின் உச்சியில் வேன் நின்றேவிட்டது. வெய்யோ ஸ்டியரிங்கைப் பார்த்தபடி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

தெல்லெர்வோ கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். கீழே முற்றத்தில் அண்ணன் காபிக் கோப்பையோடு, பளபளக்கும் டாக்ஸிமேல் சாய்ந்து நின்றிருந்தார். இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் இறங்கினாள், பாவாடையைத் தூக்கிச் செருகினாள்.

“பிரேக்கை விடு,” என்றாள்.

அவர் கதவோரம் தள்ள, அவள் பின்னாலிருந்து தள்ள, வேன் சரிவில் உருளத் தொடங்கியது. இருவரும் ஓடி ஏறிக்கொண்டார்கள். வாசற்படியில் போய் அலுங்காமல் நின்றது.

உர்போ வாயைப் பிளந்தார். பிறகு தங்கையின் காலைப் பார்த்தார். “ஷூவெல்லாம் ஏன் சேறு?”

“பூப் பறிக்க இறங்கினேன்.”

சாலையோரம் இன்னும் பனிதான் குவிந்து கிடந்தது. முப்பது வருடத்தில் வெய்யோவுக்காக அவள் சொன்ன முதல் பொய் அது.