மாதா இருந்த கதிரை

ரோவில் புறநகரில் கிறிஸ்துநாயகம் வீட்டுக்குப் போனால் இருக்க இடமில்லை என்று மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. கராஜ் முழுக்கக் கதிரைகள். கவுன்சில் லொறி பழைய சாமான் ஏற்றும் கிழமை வந்துவிட்டால் மனிதருக்குத் தலைகால் தெரியாது. வீதியோரப் புல்லில் யார் எதை எறிந்தாலும் தூக்கிவந்து, கால் பூட்டி, பெயின்ற் அடித்துவிடுவார். பஸ் ஓட்டுவது வயிற்றுக்கு, கதிரை மனதுக்கு.

"இனி ஒரு கதிரை உள்ளை வந்தால் நான் வெளியிலை," என்பாள் மனைவி மாக்கிறேட். சொல்லிச் சொல்லி அவளுக்கும் அலுத்துவிட்டது.

2011 இல் அகப்பட்டது உயர்ந்த முதுகுள்ள ஒரு கைக்கதிரை. வீதி முனையில் லெஸ்லி கிழவரின் புல்லில் தனியாக நின்றது. வீடுவீடாகப் போகும் மாதா சொரூபம் அந்தச் சனிக்கிழமை இவர்கள் வீட்டுக்கு வரவிருந்தது. ஆசனத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? நீல பெயின்ற் அடித்தார். அழகாய்த்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

லெஸ்லி அந்த வீதிக்கே தனி ராசா. மட்டப்பலகை வைத்துப் புல் வெட்டுகிறவர். அதில் கார்ச் சில்லு பட்டால் வீடேறி வந்து சண்டை பிடிப்பார். அப்பேர்ப்பட்டவர் வெள்ளிக்கிழமை வாசலில் வந்து, தணிந்த குரலில் விசாரித்தார். செத்துப்போன மனைவியின் கதிரையைக் கழுவி வெயிலில் காயவைத்தாராம். காணவில்லையாம்.

கிறிஸ்துநாயகம் தெரியாது என்று தலையை ஆட்டிவிட்டார். கதவைச் சாத்திவிட்டு மனைவியிடம் உண்மையைச் சொன்னார்.

"களவெடுத்த கதிரையிலையோ மாதாவை இருத்தப்போறியள்?" என்றாள் மாக்கிறேட்.

"குப்பையெண்டு நினைச்சுத்தானே எடுத்தனான். செபமாலை முடியட்டும், கொண்டுபோய்க் குடுத்து மன்னிப்புக் கேக்கிறன்."

கிழவர் அதுவரை பொறுக்கவில்லை. சனி பின்னேரம் பாதிச் செபமாலையில் கதவு தட்டுப்பட்டது. செபத்துக்கு வந்த யாரோ அவருடைய புல்லில் காரை ஏற்றிவிட்டார்கள். மூஞ்சி சிவக்க உள்ளே வந்தவர் அப்படியே நின்றார். மெழுகுதிரி, மல்லிகை, நடுவில் நீலக் கதிரையில் மாதா.

முழந்தாளில் இருந்த கிறிஸ்துநாயகம் எழும்பினார். இத்தனை சனத்துக்கு முன்னால் கள்ளன் ஆகிவிட்டோமே என்று உடம்பு கூசியது. அதைவிட, அந்தக் கிழவரின் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. "நான்தான் எடுத்தது. கேட்டபோது பொய் சொல்லிவிட்டேன்," என்று தடுமாறும் ஆங்கிலத்தில் சொன்னார்.

லெஸ்லி தொப்பியைக் கழற்றினார். மாதாவையே வெகுநேரம் பார்த்தார். "என் மனைவியும் அந்தக் கதிரையில் வேறு ஒருவரையும் இருக்க விட்டதில்லை," என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நீலம் படுமோசம் என்றும் சொன்னார்.

மாக்கிறேட்டுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கிழவருக்கு ஒரு தட்டில் கட்லற்றும் றோல்ஸும் வைத்துக் கொடுத்தாள். அன்றிரவே கிறிஸ்துநாயகம் கதிரையைத் தலையில் சுமந்துபோய் ஒப்படைத்தார்.

அடுத்த மாதம் மாதா எந்த வீட்டுக்கு என்று கதை வந்தபோது, லெஸ்லி தன் வீட்டுக்குக் கேட்டார். அவர் கோயில் வாசலே மிதிக்காதவர். ஆனாலும் மாதா தன் வீட்டுக்கு வந்த சனிக்கிழமை வீதி முனையில் நின்று, வந்த காரையெல்லாம் கையைக் காட்டித் தன் புல்லிலேயே ஏற்றிவிட்டார்.