போருக்குள் போன காந்தம்

அந்தக் காந்தங்கள் பார்சலில் வந்த அன்றே மதினியின் விரலைக் கடித்துவிட்டன. இரண்டு வட்டுகளைச் சற்றே அருகில் கொண்டுபோனார். பாய்ந்து ஒட்டியதில் நடுவில் அகப்பட்ட விரல்நுனி கன்றிப்போனது. ஒரு வட்டின் விளிம்பு பீங்கான் போலச் சில்லாகத் தெறித்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டே, "நியோடிமியம்லா! பலம் இருக்கிற அளவுக்குப் பொறுமை கிடையாது" என்றார். வெள்ளி போல மின்னும் அந்த அருமண் உலோகத்தை இரும்போடும் போரானோடும் சேர்த்தால்தான் இத்தனை வலு வரும், சூடேறினால் வலு குன்றும், மேல்பூச்சு உரிந்தால் துருப்பிடித்து உதிரும் என்பதெல்லாம் பாலிடெக்னிக்கில் படித்த அவருக்குத் தெரியும்.

அண்ணன் மஸ்கட்டில் இருந்த காலம் அது. சங்கரன்கோவிலில் அவர் பூட்டிவிட்டுப்போன மோட்டார் ரிப்பேர் கடையை மதினி திறந்து நடத்தினார். நான் வேன் ஓட்டினேன். ஒருநாள் பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். ஆழ்துளைக் கிணற்றுப் போரிலிருந்து மோட்டாரைத் தூக்கும்போது பாதியில் சிக்கிக்கொண்டதாம். பாறை சரிந்துவிட்டது, இந்தப் போரை மறந்துவிட வேண்டியதுதான் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டாராம். காய் பிடிக்கும் நேரத்தில் மிளகாய்ச் செடிகள் தலை தொங்கிக்கொண்டிருந்தன.

நாங்கள் போனபோது அந்த மெக்கானிக்கும் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். "பொம்பள போர்ல கை வச்சா இருக்கிற ஊத்தும் அடைஞ்சிரும்" என்றார் அவர்.

"ஊத்துக்கு ஆம்பள பொம்பள தெரியாது அண்ணாச்சி" என்ற மதினி, விவசாயியிடம் திரும்பினார். "சிக்கும்போது என்ன சத்தம் கேட்டுது?"

"ணங்குன்னு கேட்டுதும்மா."

"கல்லு விழுந்தா ணங்குன்னு கேக்காது."

மோட்டாரின் உடம்பு காந்தத்தில் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடையில் இருந்த அதே ரக மோட்டாரில் மதினி காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். குழாயோ பிளாஸ்டிக். ஆகவே உள்ளே எது ஒட்டினாலும் அது இரும்பு. மோட்டாரை ஒரு சாண் கீழே இறக்கி இறுக்கத்தைத் தளர்த்தச் சொன்னார். பிறகு காந்தத்தை நைலான் கயிற்றில் கட்டி உள்ளே விட்டார். இரண்டு முறை வெறுமனே வந்தது. யாரோ சிரித்தார்கள். மதினி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை கயிறு கனத்தது.

சேறு வழிய மேலே வந்தது ஒரு ஸ்பேனர். கைப்பிடியில் சிவப்புப் பெயின்ட் வளையம். மெக்கானிக்கின் பையில் இருந்த அத்தனை சாமான்களிலும் அதே வளையம். மதினி அதைப் பிடுங்கியெடுத்து அவரிடம் நீட்டினார். "உங்க பாறை அண்ணாச்சி. இனிமே கயிறு கட்டிப் பிடிங்க."

மோட்டார் தடங்கலில்லாமல் மேலே வந்தது; சரிசெய்து இறக்கினோம். அன்று சாயங்காலமே மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்தது.

அண்ணன் ஊரோடு வந்து இரண்டு வருடமாகிறது. கடை மதினியின் கையில்தான் இருக்கிறது. இன்றும் புதிதாகப் போனில் கூப்பிடுகிறவர்கள் பெண்குரல் கேட்டதும், "ஆம்பளயாளு யாரும் இல்லியா?" என்கிறார்கள்.

"இருக்காவ. சமைச்சிக்கிட்டிருக்காவ" என்கிறார் மதினி. "மோட்டாருக்கு என்ன, சொல்லுங்க."