வல்லைவெளிக்கு வாங்கிய இரண்டு ரயர்

வேலாயுதம் மாஸ்ரர் போய்விட்டார் என்று பள்ளிக்கூடத்துக்கு வந்து சொன்னவர் தபாற்காரர். நான் அப்போது வகுப்பில் நின்றேன். கேட்டதும் என் வாயில் வந்த முதற்கேள்வி, “வல்லைவெளியிலையோ?” என்பதுதான். இல்லையாம். ஓய்வுபெற்றபின் போய் இருந்த தெல்லிப்பழையில், தன் வீட்டில், முதல்நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் சரிந்தவர், தேத்தண்ணிக்கு எழுப்பப் போனபோது எழும்பவில்லையாம். ஆயுள் முழுக்கத் தெருவுக்குப் பயந்த மனிதரை எமன் வீட்டுக்குள் வந்து கொண்டுபோயிருக்கிறான். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வந்தது. பிள்ளைகள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உடுப்பிட்டியில் அவரிடம் கணக்குப் படித்தவர்களுக்கும் அவரோடு படிப்பித்தவர்களுக்கும் அவருடைய பயத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், கிணற்றுக்கட்டுக்குப் பயம். காற்றுக் கொஞ்சம் பலமாக அடித்தால் ஓடு பறக்குமென்று வகுப்பை மாமரத்தடிக்கு மாற்றுவார். அங்கே போய் இருந்தபின், கொப்பு முறியுமோ என்று திரும்பவும் உள்ளே கூட்டிக்கொண்டு போவார். நான் தமிழ் படிப்பிக்கிறவன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சாமி கும்பிடவும் உங்களுக்குத் துணைக்கு ஆள் வேண்டும்போல என்று ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் பகிடி விட்டேன். அவர் கோபிக்கவில்லை. “பயமில்லாதவனிட்டைக் கத்தியும் குடுக்கக்கூடாது, காரும் குடுக்கக்கூடாது” என்றார். இதைக் கேளாதவர்கள் நம்மில் யாரும் இருக்கமாட்டார்கள்.

அப்படிப்பட்டவரிடம்தான் ஒரு கார் வந்து சேர்ந்தது. கொழும்பில் உத்தியோகமாயிருந்த மைத்துனர் கடல் கடந்து போனபோது விட்டுவிட்டுப் போன கார். நாலு கதவும் இரும்புக் கூரையுமாக, ஆள் உயரத்துக்கு நிற்கும் கறுப்புக் கார். அதை மாஸ்ரர் தலையில் பாற்குடம் வைத்தவர் நடப்பதுபோல ஓட்டுவார். மாட்டுவண்டிகள் மணியடித்து அவரை முந்திக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் உலக யுத்தம் வந்து பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்தபின், எங்கள் ஒழுங்கைகளில் அவசரத்துக்குக் கூப்பிடக்கூடிய கார் அது ஒன்றுதான்.

எனக்கு அந்தக் கார் தேவைப்பட்டது. என் மனைவி தங்கம் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். அதற்கு முன் இரண்டு பிள்ளைகளைப் பிறக்கும்போதே பறிகொடுத்திருந்தோம். இரண்டாவது முறை தங்கம் தப்பியதே அருந்தப்பு. அவளைக் காப்பாற்றிய டொக்டரம்மா வலிகாமப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்தார். இனியொரு முறை என்றால் நோ தொடங்கியதும் சுணங்காமல் இங்கே கொண்டுவந்துவிட வேண்டும், வீட்டில் வைத்துப் பார்த்தால் பிள்ளையும் இல்லை, தாயும் இல்லை என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். முன்கூட்டியே போய் நிற்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். வெறுங்கையோடு எழும்பி வந்த கட்டிலில் நாட்கணக்காகக் கிடந்து காத்திருக்கத் தன்னால் ஏலாது என்றாள் தங்கம். அதற்குமேல் அவளை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

நாள் மாரியில் விழுந்தது. எங்கள் வடமராட்சியிலிருந்து வலிகாமத்துக்குப் போவதானால் வல்லைவெளியைக் கடக்க வேண்டும். ஒரு மரம் இல்லை, ஒரு வீடு இல்லை. மாரியில் இரண்டு பக்கமும் நீரேரி தெருவை முட்டிக்கொண்டு நிற்கும். குறுக்குக் காற்று அடித்தால் அந்த உயரமான கார் நண்டுபோலப் பக்கவாட்டில் நகரும். மழை இருட்டும்போதெல்லாம் முற்றத்தில் நின்று காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்ப்பேன். தங்கத்துக்கு முன்னால் சிரித்துக்கொண்டு திரிவேன்.

மாஸ்ரரிடம் போய்க் கேட்டேன். அவர் உடனே ஓம் என்று சொல்லவில்லை. காரைச் சுற்றி வந்து, குந்தியிருந்து, ரயர்கள் நாலையும் உள்ளங்கையால் தடவினார். நாலும் தேய்ந்து மொட்டையாகிக் கிடந்தன.

“உதோடை வல்லையிலை தங்கத்தை ஏத்த எனக்குப் பயமாக்கிடக்கு” என்றார்.

நான் முகம் கறுத்துத் திரும்பினேன்.

“பொறும். மாட்டன் எண்டு நான் சொல்லேல்லை. ரயர் மாத்தவேணும் எண்டு சொன்னனான்.”

ரப்பர் விளைகிற நாட்டில் ரயருக்குப் பஞ்சம். அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்து கடைசியில் இரண்டு ரயருக்குத்தான் உத்தரவு கிடைத்தது. யாழ்ப்பாணம் பெரியகடையில் கடைக்காரர் மூன்று சோடி ரயரை உருட்டிக் கொண்டுவந்து வைத்தார். ஒரு சோடி தடித்த பட்டையும் ஆழமான வெட்டுமாக லொறி ரயர்போல இருந்தது. பார்த்தவுடனே எனக்கு அதுதான் பிடித்தது. அது நம் சக்கரத்தின் அளவைவிடப் பெரிது, ஏற்கெனவே உயரமான காரை இன்னும் தூக்கும், காற்றுக்கு இன்னும் ஆடும் என்று மாஸ்ரர் தள்ளிவிட்டார். இன்னொரு சோடி புதுக் கறுப்பாகப் பளபளத்தது. அதை நகத்தால் அழுத்தினார், நகம் பதியவில்லை. ஓரத்தை வளைத்தபோது மயிரிழை மயிரிழையாக வெடிப்புத் தெரிந்தது. கடையில் கிடந்தே இறுகிப்போன ரப்பர், ஈரத் தெருவைப் பிடிக்காது என்றார். மூன்றாவது சோடி பார்வைக்குச் சாதாரணம். அளவு சரி, ரப்பர் மெதுமை, தண்ணீர் வழிந்தோட நெருக்கமான வெட்டுகள். அதை மூக்கோடு வைத்து முகர்ந்து பார்த்தார். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

“மாஸ்ரர், ரயரோ மாம்பழமோ பாக்கிறியள்?”

“மாம்பழம் புளிச்சால் துப்பலாம்” என்றார் மாஸ்ரர். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

புது ரயர் என்றால் முன்சக்கரத்துக்குத்தான் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். காரைப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கீழே தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டுதான் புது ரயர் தெருவுக்கு வரும். பூசை முன்சக்கரத்துக்கு, ஆகவே புதுசு முன்னுக்கு, பழசு பின்னுக்கு. கார் திருத்தும் கராச்சில் அப்படியே பூட்டினார்கள். முன்சக்கரம் நல்லதாக இருந்தால் திருப்பின பக்கம் திரும்பும் என்று அதற்கு ஒரு காரணமும் சொன்னார்கள். தங்கத்தின் தாய், என் மாமி, தன் கையாலேயே தேசிக்காய் வைத்தார். அன்று நான் பல நாட்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். மாஸ்ரருக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து, பெருமழை ஓய்ந்த ஒரு பின்னேரம், என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வல்லைவெளி ஓரத்துத் தரவைக்குப் போனார். புல்லும் சேறுமாகப் பரந்த வெறுந்தரை அது. ஒரு ஆள் பாரம் வேண்டும் என்று சொல்லி, “நீர் பின்னுக்கு இரும், தங்கம் இருக்கப்போற இடத்திலை” என்றார். பிறகு காரை ஓட்டினார். அவர் அவ்வளவு வேகமாக ஓட்டி நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. சட்டென்று திருப்பினார். முன்பக்கம் சொன்ன சொல்லைக் கேட்டது. பின்பக்கம் கேட்கவில்லை. எனக்குக் கீழே ஆசனத்தை யாரோ உருவி எறிந்தது போலிருந்தது. கண்ணாடிக்கு வெளியே நீரேரி போனது, வந்த தெரு போனது, திரும்பவும் நீரேரி வந்தது. கார் வந்த வழியைப் பார்த்தபடி நின்றது. முருகா என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் வரவில்லை. மாஸ்ரர் உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்தார். துடைத்துவிட்டு இன்னொரு தரம் அதையே செய்தார். நான் அவரை ஏசினேன். என்ன சொல்லி ஏசினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

பிறகு இருவரும் சேற்றில் முழந்தாளிட்டு முன்னுக்குக் கிடந்த புது ரயர்ச் சக்கரங்களைப் பின்னுக்கும், பின்னுக்குக் கிடந்த மொட்டைகளை முன்னுக்கும் மாற்றினோம். திரும்பவும் ஏறி, திரும்பவும் அதே வேகம், அதே திருப்பல். இம்முறை வழுக்கியது முன்பக்கம். கார் வளைய மறுத்துக் கொஞ்சத் தூரம் நேரே போனது. அவர் காலை எடுத்ததும் வேகம் தணிந்து, முன்சக்கரம் மண்ணைப் பிடித்து வளைந்தது. பின்னால் இருந்த எனக்கு ஒரு சின்ன ஆட்டத்துக்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

“முன்னுக்கு வழுக்கினால் எனக்குக் கையிலை தெரியும். காலை எடுக்கலாம். பின்னுக்கு வழுக்கினால் தெரியிறதுக்குள்ளை தண்ணிக்குள்ளை” என்றார். இதைச் சொல்லும்போதும் அவர் குரல் நேராக இல்லை.

வீட்டில் பூகம்பம். பூசை வைத்த சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் வருகிற பிள்ளைக்கு ஆகுமோ என்று மாமி அழுதார். சாப்பிட மறுத்தார். எனக்குத் தரவையில் கண்டது ஒரு பக்கம், புதைத்த இரண்டு பிள்ளைகள் மறுபக்கம். இதைக் கேள்விப்பட்டு மாஸ்ரரே வந்தார். படலையடியில் எங்கள் நாய் நின்றபடியால் தெருவில் நின்றுகொண்டுதான் பேசினார்.

“பிள்ளையாருக்கு முன்னாலை கார் நேராத்தான் நிக்கும், அம்மா. வல்லையிலை அது வளையவேணும்.”

பின்னேரம் மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் பின்சக்கரங்களுக்கும் சந்தனம் பூசி, தேசிக்காய் வைத்துவிட்டு வந்தார்.

நோ தொடங்கியது ஒரு காலையில். வானம் உடைந்தமாதிரி மழை. தங்கம் பின்னாசனத்தில் மாமியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். சேலைத்தலைப்பை வாயில் கடித்திருந்தாள். நான் முன்னால், மாஸ்ரருக்கு இடப்பக்கம். வல்லைவெளிக்குள் இறங்கியபோது தண்ணீரும் தெருவும் ஒரே மட்டமாகத் தெரிந்தன. தெருவோரத்து வெள்ளைக் கற்களைப் பார்த்துத்தான் ஓட்டவேண்டியிருந்தது. காற்று காரைத் தள்ளியது. எனக்குப் பின்னால் பார்க்கவும் துணிவில்லை, முன்னால் பார்க்கவும் துணிவில்லை. மாஸ்ரர் செபம் பண்ணுவதுபோல “பயமாக்கிடக்கு, பயமாக்கிடக்கு” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

பாலத்துக்கு முன்னால் தெரு இடப்பக்கம் வளைகிறது. அந்த வளைவில் தெருவுக்கு மேலாகத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மாஸ்ரர் திருப்பினார். கார் திரும்பவில்லை. நேரே, அவருடைய பக்கத்து ஓரத்தை நோக்கி, வெள்ளைக் கல்லை நோக்கிப் போனது. கல்லுக்கு அப்பால் நீரேரி. அவர் பிறேக்கை மிதிக்கவில்லை. காலை எடுத்துவிட்டுக் கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. இனி இல்லை, மூன்றாவது பிள்ளையும் இல்லை, தங்கமும் இல்லை என்று நினைத்தேன். அப்போது முன்சக்கரம் எங்கோ நிலத்தைப் பிடித்தது. கார் மெல்ல வளைந்தது. பின்பக்கம் இம்மியும் விலகாமல் கூடவே வந்தது. பின்னால் மாமி தங்கத்தின் தலையைத் தடவி, “காத்துத்தான், பிள்ளை, காத்துத்தான்” என்று சொல்வது கேட்டது.

மத்தியானத்துக்கு முன் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் சுகம் என்று டொக்டரம்மா வந்து சொன்னபோது, மாஸ்ரர் ஆஸ்பத்திரிக்குப் பின்புறத்தில் சத்தியெடுத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் போகும்போதும் அந்த வளைவு இருக்கிறதே என்றார்.

செத்தவீட்டுக்கு நாங்கள் மூவரும் வாடகைக் காரில் போனோம். மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மாஸ்ரரின் மனைவி கமலம் அக்கா அவளைப் பக்கத்தில் இருத்தி முகத்தைத் தடவினார். எனக்கு ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. அவர் போட்ட கணக்குச் சரியாக இருந்தபடியால்தான் இந்தப் பிள்ளை இருக்கிறாள் என்றேன். கமலம் அக்கா தலையை ஆட்டினார்.

“அது கணக்கில்லைத் தம்பி. தரவையாலை வந்த அண்டைக்கு அவர் சாப்பிடேல்லை. என்னெண்டு கேட்டன். ‘பின்னுக்கு வழுக்கினா முதல் தண்ணியிலை விழுறது தங்கம். முன்னுக்கு வழுக்கினா முதல் நான். எனக்குப் பயமாக்கிடக்குக் கமலம், ஆனா முன்னுக்கே வழுக்கட்டும்’ எண்டவர்.”

அவரை நான் திரும்பிப் பார்த்தேன். நெற்றியில் திருநீறு பூசி, கண்ணை மூடிக்கொண்டு, எதற்கும் பயமில்லாதவராகக் கிடந்தார். அன்றைக்கு அவருக்குப் பக்கத்து முன்னாசனத்தில் நானும் இருந்தேன். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

அவருடைய புத்தகங்களை மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். காரை யாராவது வாங்குவார்கள். நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்வது, இத்தனை வருஷம் பகிடி பண்ணிய அந்தப் பயத்தை. திரும்பி வரும்போது வல்லைவெளியில் மழை பிடித்துக்கொண்டது. தங்கமும் மகளும் பின்னாசனத்தில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நித்திரையாகியிருந்தார்கள். பாலத்தடி வளைவு தெரிந்ததும் சாரதியின் பக்கம் திரும்பினேன்.

“மெல்லப் போம், தம்பி. எனக்குப் பயமாக்கிடக்கு” என்றேன்.

சாரதி என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும்.